விழுந்த மரமும் விவசாயிக்குக் கிடைத்த உதவிப் பணமும்

பயிர் ஒரு போகத்தில் அழிந்தால் மறு போகத்தில் மீண்டும் விதைக்கலாம். மரம் அப்படியன்று. நாற்பது ஐம்பது வருஷம் வளர்ந்து நின்ற மரங்கள் ஒரே மாலையில் வேரோடு சாய்ந்துவிடுமானால், அவற்றை நம்பியிருந்த குடும்பத்தின் சேமிப்பு முழுவதும் தரையில் கிடப்பதாகவே கொள்ளவேண்டும். மேலும், மரத்தை நம்பிப் பிழைப்பவர் ஒருவர் மாத்திரமல்லர். நிலத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர். மரத்தை வெட்டி வண்டியேற்றும் காண்டிராக்டர் மற்றொருவர். அறுத்துப் பலகையாக்கும் மில்காரர் இன்னொருவர். இம்மூவரில் யாருடைய நஷ்டத்துக்குச் சர்க்கார் உதவுவது, எவ்வளவு உதவுவது, எந்த அத்தாட்சியின் பேரில் உதவுவது என்னும் கேள்விகளுக்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் எண்பது வருஷங்களுக்கு மேலாகப் பலவிதமான விடைகள் அளிக்கப்பட்டு வந்திருக்கின்றன. அவ்விடைகளுள் சிலவற்றைக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் அறிந்திருப்பது பயனுள்ளதாகும். கடன் கொடுப்பதிலும் உதவிப் பணம் பங்கிடுவதிலும் எழும் சிக்கல்கள் எந்நாட்டிலும் ஏறக்குறைய ஒரே தன்மையுடையவை.

கட்டையை விலைக்கு வாங்கிய சர்க்கார்

1938-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 21-ந் தேதி ஒரு பெரும் புயல் லாங் தீவைத் தாண்டி, நியூ இங்கிலாந்து என வழங்கும் வடகிழக்கு மாகாணங்களுக்குள் புகுந்தது. பாஸ்டன் நகருக்கு அருகிலுள்ள புளூ ஹில் வானிலை நிலையத்தில் காற்றின் வேகம் ஒரு சமயம் மணிக்கு 186 மைல் வரை சென்றதாகப் பதிவாயிற்று. 600-க்கு மேற்பட்ட ஜனங்கள் மாண்டனர். புயலுக்கு முந்திய சில நாட்களாகப் பெருமழை பெய்து நிலம் ஊறிக் குழைந்திருந்தபடியால், வேருக்குப் பிடிப்பில்லாமல் தோப்புத் தோப்பாக மரங்கள் சாய்ந்தன. விழுந்த மரத்தின் அளவு 260 கோடி போர்டு அடிக்கு மேல் என்று மதிக்கப்பட்டது. போர்டு அடி என்பது 1 அடி நீளமும் 1 அடி அகலமும் 1 அங்குலக் கனமும் உள்ள பலகை. 12 போர்டு அடி சேர்ந்தது 1 கன அடி. பலகையாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய 22 கோடி கன அடி மரம் ஒரே நாளில் வீழ்ந்தது எனலாம்.

இம்மரங்களுள் பெரும்பாலானவை வெள்ளைப் பைன் என்னும் ஜாதியைச் சேர்ந்தவை. அவை பெருங்காட்டு மரங்களல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அப்பிரதேசத்துக் குடியானவர்களில் பலர் மேற்கே செழிப்பான நிலங்களைத் தேடியும், நகரங்களில் ஆலை வேலையை நாடியும் சென்றனர். அவர்கள் உழாமல் விட்டுப்போன கல்லாங்காட்டு வயல்களில் காற்று கொணர்ந்த விதையினால் பைன் மரம் தானாகவே முளைத்துத் தோப்பாயிற்று. எஞ்சியிருந்த குடியானவர்களுக்கு அத்தோப்பே பாங்கிக் கணக்கைப் போல உதவிவந்தது. வரி கட்டவோ, வீட்டைப் பழுது பார்க்கவோ, கடனைத் தீர்க்கவோ பணம் தேவைப்படும்போது சில ஏக்கர் மரத்தை விற்பார்கள். இவ்வளவும் சிறு சிறு சொந்தக்காரர்களுடைய சொத்து. புயல் அடித்த மறுநாள் அவர்கள் கண்டது, நின்றால் விலைபெறும் மரம் யாவும் குறுக்கும் நெடுக்குமாய்ப் பின்னிக் கிடந்ததைத்தான்.

கிடந்த மரத்தை எடுக்காமல் விட்டால் மூவகைக் கெடுதல் நேரும். முதலாவது, வெயில் காலம் வந்ததும் ஈரமரத்தில் பூஞ்சணம் பிடித்து வெள்ளை மரத்தில் நீலம் பாயும், வண்டு துளைக்கும். பலகையின் விலை பாதியாகும். இரண்டாவது, உலர்ந்த கிளையும் சருகும் தீப்பற்றினால் கிராமங்களே எரிந்துபோகும். மூன்றாவது கெடுதல் இவ்விரண்டினும் நுட்பமானது. பல வருஷங்களில் விற்கவேண்டிய சரக்கை எல்லாரும் ஒரே பருவத்தில் சந்தைக்குக் கொணர்ந்தால், மில்காரர் கேட்ட விலையே விலையாகும். புயல் மரத்தைத்தான் சாய்த்தது. விலையைச் சாய்ப்பது சொந்தக்காரர்களுடைய அவசரம்.

இதற்காக அமெரிக்க வன இலாகாவின் பொறுப்பில் வடகிழக்கு மர மீட்பு நிர்வாகம் என்ற பெயரால் ஒரு தனி ஏற்பாடு செய்யப்பட்டது. அது குடியானவர்களுக்கு நஷ்டஈடாக ரொக்கம் கொடுக்கவில்லை; அவர்களுடைய கட்டையை விலைக்கு வாங்கிக்கொண்டது. ஏரிகளிலும் குளங்களிலும் கட்டை ஒப்படைக்கும் இடங்கள் குறிக்கப்பட்டன. கொண்டுவந்த கட்டையைச் சர்க்கார் அளவுகாரர் அளந்து, தரம் பிரித்து, ரசீது கொடுப்பார். வெள்ளைப் பைனுக்குத் தரத்தைப் பொறுத்து ஆயிரம் போர்டு அடிக்கு 12 டாலர் முதல் 18 டாலர் வரை விலை வைக்கப்பட்டது. விலையில் நூற்றுக்கு 80 வீதம் முன்பணமாகக் கொடுக்கப்பட்டது. மீதி, சர்க்கார் மரத்தை விற்றுச் செலவைக் கழித்த பின்னர் வரவேண்டியது. ஒரு குடியானவர் 20,000 போர்டு அடி கட்டை கொணர்ந்தார் என்றும், அது ஆயிரத்துக்கு 14 டாலர் வீதம் மதிக்கப்பட்டது என்றும் வைத்துக்கொண்டால், மொத்த விலை 280 டாலர். உடனே கையில் கிடைப்பது 224 டாலர். பாக்கி 56 டாலர். தானிய அடமானக் கடன் கொடுக்கும் சங்கங்களில் பழகியவர்களுக்கு இம்முறையின் சாயல் உடனே புலப்படும்.

கட்டையைக் குளத்தில் போட்டதற்குக் காரணம் உண்டு. நீரில் மூழ்கிய மரத்துக்குள் காற்றுப் புகாது. காற்றின்றிப் பூஞ்சணமும் வண்டும் உயிர்வாழ மாட்டா. ஆகையால் கட்டை வருஷக்கணக்கில் கெடாமல் கிடக்கும், விற்பனைக்கு அவசரமில்லை. மூங்கிலைக் குளத்தில் ஊறப்போடும் குடியானவனுக்கு இக்காட்சி புதிதாயிராது. நோக்கம் மாத்திரம் வேறு.

இவ்விதமாக ஏறக்குறைய 70 கோடி போர்டு அடி மரம் சர்க்காரிடம் சேர்ந்தது. தனிப்பட்ட மில்காரர்களும் ஒரு பகுதியை வாங்கினர். மிஞ்சியது காட்டிலேயே மட்கியது. தீப் பயத்தைப் போக்குவதற்காக, வேலையில்லாதோருக்கு வேலை கொடுக்க அக்காலத்தில் ஏற்பட்டிருந்த பொதுப்பணிப் படைகளைச் சேர்ந்த ஆட்கள் அனுப்பப்பட்டுச் சாலையோரங்களிலும் வீடுகளைச் சூழவும் கிடந்த கிளைகளை அகற்றினர்.

ஏற்பாட்டில் குறை இல்லாமலில்லை. விலை குளக்கரையில் ஒப்படைத்த கட்டைக்கே. பின்னிக் கிடந்த மரத்தை விடுவித்து, துண்டாக்கி, இழுத்துக் கொணரும் கூலி குடியானவர் தலையில் விழுந்தது. நின்ற மரத்தை வெட்டுவதைக் காட்டிலும் சாய்ந்து வளைந்து இறுகிய மரத்தை வெட்டுவது அபாயமும் செலவும் மிக்கது. குதிரையும் வயதுவந்த பிள்ளைகளும் உள்ள வீட்டார் தாமே இழுத்து முழு விலையும் பெறலாம். விதவைக்கும் முதியவருக்கும் அது இயலாது. அவர்கள் காண்டிராக்டரை அமர்த்தி, அவர் கூலி போக எஞ்சியதைப் பெறவேண்டியதுதான். உதவி எல்லாருக்கும் ஒரே விலையில் திறந்திருந்தபோதிலும், அதை எட்டிப் பிடிக்கும் சக்தி எல்லாருக்கும் ஒன்றாயிருக்கவில்லை.

எனினும் இம்முறைக்கு ஒரு பெருஞ் சிறப்பு உண்டு. குடியானவர் தமக்கு நேர்ந்த நஷ்டத்தை எண்பிக்க வேண்டியதில்லை, பழைய கணக்குப் புஸ்தகம் வேண்டியதில்லை, சாட்சி வேண்டியதில்லை. குளத்தில் மிதக்கும் கட்டையே அத்தாட்சி. சர்க்காருக்கும் கொடுத்த பணத்துக்குச் சரக்கு கைக்கு வந்தது. அடுத்த சில வருஷங்களில் யுத்தம் மூண்டபோது, சாமான் அடைக்கும் பெட்டிகளுக்கு அம்மரம் பெரிதும் பயன்பட்டது. நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்தில் கான்கார்டு நகருக்கருகே டர்க்கி குளம் என்பதில் நாலு வருஷமாகக் கிடந்த கட்டைகளை அறுக்க 1942-ல் ஆண்கள் கிடைக்கவில்லை. வன இலாகாவார் பெண்களை வேலைக்கு அமர்த்தி அங்கே ஒரு மரம் அறுக்கும் மில்லை நடத்தினர். பெண்களால் ஆகாது என்று கருதப்பட்டிருந்த வேலை அது. 1943-ல் குளம் காலியாகும் வரை அவர்கள் அறுத்தனர்.

விழுந்த மரத்தையெல்லாம் எடுத்ததுதான் சரியா என்பதும் பிற்காலத்தில் ஆராயப்பட்டது. ஹார்வர்டு சர்வகலாசாலையின் காட்டு ஆராய்ச்சி நிலையத்தார் 1990-ல் சுமார் 2 ஏக்கர் பரப்பில் நின்ற மரங்களை இயந்திரத்தால் இழுத்துச் சாய்த்து, எதையும் அகற்றாமல் விட்டுக் கவனித்து வந்தனர். சாய்ந்த மரங்களுள் பல முதல் சில வருஷங்கள் தொடர்ந்து தழைத்தன. மண்ணும் அதிகம் கெடவில்லை. மண்ணுக்குப் புயல் செய்ததைவிட இழுவை வேலை செய்த கெடுதல் அதிகம் என்பது அவ்வாராய்ச்சியின் கருத்து. ஆயினும் கடன்பட்ட குடியானவருக்கு மரம் தழைப்பது மாத்திரம் போதாது.

ஒரு மரம், மூன்று வாசல்

பிற்காலத்து ஏற்பாடுகள் இதற்கு மாறானவை. இவற்றில் சர்க்கார் சரக்கை வாங்குவதில்லை. நஷ்டத்தைக் கணக்கிட்டுப் பணம் கொடுக்கிறது. பணத்தை வழங்குவது விவசாய இலாகாவைச் சேர்ந்த பண்ணைச் சேவைக் காரியாலயம். அதற்குத் தாலூகாவைப் போன்ற கவுண்டி என்னும் பிரிவுகளில் உள்ளூர் ஆபீசுகள் உண்டு.

பழமரமும் கொட்டைமரமும் வைத்திருப்பவர் இயற்கை விபத்தினால் குறித்த அளவுக்கு மேல் மரங்களை இழந்தால், மறுநடவுச் செலவில் ஒரு பகுதிக்கு உதவி பெறலாம். ஆனால் அதே புயலில் அடுத்த வேலிக்குள் விழுந்த பைன் மரத்துக்கு இவ்வுதவி கிடையாது. பலகைக்கும் காகிதக் கூழுக்கும் வளர்க்கப்படும் மரம் அத்திட்டத்தின் கண்ணில் மரமல்ல! அதற்கென்று 2008-ம் வருஷத்து விவசாயச் சட்டத்தின்படி வேறொரு வாசல் திறக்கப்பட்டது. தனியார் காட்டைச் சீர்படுத்தி மீண்டும் மரம் நடும் செலவில் நூற்றுக்கு 75 வரை அத்திட்டம் ஏற்கிறது. இதிலும் ஒரு நிபந்தனை கவனிக்கத்தக்கது. அது கொடுப்பது இனிச் செய்யவேண்டிய வேலைக்கு. வீழ்ந்த மரத்தின் விலைக்கு அன்று. தம் பங்கான நூற்றுக்கு 25-ஐக் கையிலிருந்து போட முடியாதவர் வாசற்படியிலேயே நிற்கவேண்டும். மரம் வெட்டும் காண்டிராக்டருக்கோ இவ்விரு வாசல்களிலும் இடமில்லை.

2018-ம் வருஷம் அக்டோபர் மாதம் 10-ந் தேதி மைக்கேல் என்று பெயரிடப்பட்ட புயல் ஃபிளாரிடா மாகாணத்தில் மெக்ஸிகோ பீச் என்னுமிடத்தில் கரையேறியது. அம்மாகாணத்தில் மாத்திரம் 28 லட்சம் ஏக்கர் காடு சேதமுற்றதென்றும், மர நஷ்டம் 130 கோடி டாலர் என்றும் மாகாண வன இலாகா மதிப்பிட்டது. பாராளுமன்றம் விவசாய நஷ்டத்துக்குப் பணம் ஒதுக்கிய சட்டம் கையெழுத்தானது 2019-ம் வருஷம் ஜூன் மாதம் 6-ந் தேதியன்று. இடையில் சென்றது ஏறக்குறைய எட்டு மாதம். தென்தேசத்து உஷ்ணத்தில் விழுந்த பைன் மரம் பலகைக்கு உதவும் காலம் அதைவிடக் குறைவு. 1938-ல் குளத்தில் போட்டுக் காலத்தை வென்றார்கள். 2018-ல் காலம் மரத்தை வென்றது. மரச் சொந்தக்காரருக்கான பணம் மாகாணங்களுக்கு மொத்தமாகக் கொடுக்கப்பட்டு, மாகாணங்களால் பங்கிடப்பட்டது. கைக்கு வர மேலும் தாமதமாயிற்று.

நின்ற மரத்துக்கு ஆரம்பத்தில் கொடுத்த விலை இன்னதென்று பத்திரத்தில் பிரித்து எழுதிவைக்காதவர்கள் வருமான வரியிலும் சலுகை பெற முடியாமற் போயினர். அந்நாட்டுச் சட்டப்படி புயல் நஷ்டமாகக் கழித்துக்கொள்ளக் கூடியது, மரத்தின் அன்றைய சந்தை விலையை அன்று. அதற்கு ஆரம்பத்தில் செலவிட்ட முதலை மிஞ்சாத தொகையையே. பாட்டன் காலத்தில் தானாக முளைத்த தோப்புக்கு முதல் ஏது?

வெட்டுகிறவருக்கும் வண்டிக்காரருக்கும்

காண்டிராக்டருக்கென்று ஒரு வாசல் திறக்கப்பட்டது 2021-ல். அதுவும் புயலினால் அன்று, கொரோனா என்னும் கொள்ளைநோயினால். 2020-ல் பள்ளிக்கூடங்களும் ஆபீசுகளும் அடைபட்டபோது அச்சுக் காகிதத்தின் தேவை குறைந்து, காகித ஆலைகள் கூழ்மரம் வாங்குவதைக் குறைத்தன. வேடிக்கையென்னவெனில், அதே வருஷத்தின் பிற்பகுதியில் வீடு கட்டும் பலகையின் விலை வானளாவ ஏறியது. அந்த ஏற்றம் மில் வாசலைத் தாண்டி, மரம் வெட்டுகிறவரிடம் பெரும்பாலும் வந்து சேரவில்லை. லட்சக்கணக்கான டாலர் கடனில் வாங்கிய வெட்டு இயந்திரமும் லாரியும் வேலையின்றி நின்றாலும் தவணை நிற்பதில்லை.

பயிரிடுவோருக்கு 2020-ம் வருஷத்திலேயே இரண்டு தடவை உதவிப் பணம் வழங்கப்பட்டது. இரண்டாந் தடவையில் காய்கறி, பழம், நாற்றுப்பண்ணை முதலியவற்றுக்குக் கையாண்ட கணக்கு எளிமையானது. 2019-ம் வருஷத்து விற்பனையில் முதல் 50,000 டாலர் வரை நூற்றுக்கு 10.6, அடுத்த 50,000 வரை 9.9, அதற்கு மேல் படிப்படியாகக் குறைந்து 10 லட்சத்துக்கு மேற்பட்ட பகுதிக்கு 8.8. ஆகவே 80,000 டாலருக்கு விற்றவருக்கு முதற் பகுதிக்கு 5,300-ம், மீதி 30,000-க்கு 2,970-ம் சேர்த்து 8,270 டாலர் கிடைக்கும். 2020-ல் அவருக்கு உண்மையில் நஷ்டம் வந்ததா என்று கேட்கப்படவில்லை. கேட்காததனால் பணம் சீக்கிரம் சேர்ந்தது. கேட்காததனாலேயே நஷ்டமடையாதவருக்கும் சேர்ந்தது. இரண்டையும் ஒருங்கே பெற முடியாது.

மரம் வெட்டுகிறவர்களுக்கும் ஏற்றிச்செல்கிறவர்களுக்கும் 2020-ம் வருஷம் டிசம்பர் மாதம் 27-ந் தேதி கையெழுத்தான சட்டத்தில் 20 கோடி டாலர் வரை ஒதுக்கப்பட்டது. மனுக்கள் வாங்கப்பட்டது 2021-ம் வருஷம் ஜூலை 22 முதல் அக்டோபர் 15 வரை. நிபந்தனைகள் பயிருக்கு வைத்தவற்றைவிடக் கடுமையானவை. தொழிலின் மொத்த வரவில் பாதியாவது மரம் வெட்டுவதிலும், ஏற்றுவதிலும், காட்டிலேயே வைத்துச் சிம்பு சீவுதல், துண்டாக்குதல் முதலிய வேலைகளிலும் வந்ததாயிருக்க வேண்டும். 2019-ம் வருஷம் ஜனவரி 1 முதல் டிசம்பர் 1 வரையுள்ள மொத்த வரவோடு 2020-ம் வருஷம் அதே காலத்து வரவை ஒப்பிட்டால் நூற்றுக்கு 10-க்குக் குறையாத நஷ்டம் காணவேண்டும். அவ்வித்தியாசத்தில் நூற்றுக்கு 80 கொடுபடும் தொகை. ஆனால் ஒருவருக்கு 1,25,000 டாலருக்கு மேற்படாது. மனு ஒப்புக்கொள்ளப்பட்டவுடன் கணக்கிட்ட தொகை அல்லது 2,000 டாலர், இரண்டில் எது குறைவோ அது முதல் தவணையாக வரும். மனுக்கள் யாவும் வந்து சேர்ந்து, பணம் எத்தனை பேருக்குப் பங்காக வேண்டும் என்று தெரிந்த பிறகே இரண்டாந் தவணை.

ஒரு காண்டிராக்டருக்கு முதல் வருஷ வரவு 3,00,000 டாலர், மறு வருஷம் 2,40,000 என்று வைத்துக்கொள்வோம். குறைவு 60,000, அதாவது நூற்றுக்கு 20. அதில் நூற்றுக்கு 80 என்றால் 48,000 டாலர். பக்கத்து ஊர்க் காண்டிராக்டருக்கு 3,00,000 வரவு 2,76,000 ஆயிற்று. குறைவு 24,000, நூற்றுக்கு 8. அவருக்கு ஒரு காசும் இல்லை. இன்னும் 6,000 டாலர் நஷ்டப்பட்டிருந்தால் 24,000 டாலர் பெற்றிருப்பார்! கோடு கிழித்து உதவும் எல்லாத் திட்டங்களிலும் கோட்டுக்கு அருகே இவ்வகை விபரீதம் நேரும். பெரிய தொழிலில் வரவு 20 லட்சத்திலிருந்து 16 லட்சமாகக் குறைந்தால் கணக்குப்படி 3,20,000 வரவேண்டும். உச்ச வரம்பினால் 1,25,000-தான் வரும்.

இக்கணக்கு முழுவதும் மொத்த வரவைப் பற்றியது, நிகர லாபத்தைப் பற்றியதன்று என்பதைக் கவனிக்கவேண்டும். தூரத்திலுள்ள வேறொரு மில்லுக்கு மரத்தை ஓட்டிச்சென்று, எண்ணெய்ச் செலவு இரட்டித்தபோதிலும் வரவைக் குறையவிடாமல் காப்பாற்றிய உழைப்பாளிக்கு லாபம் அற்றுப்போயிருந்தாலும் இத்திட்டத்தில் நஷ்டமில்லை. லாரியை நிறுத்திவிட்டு வீட்டிலிருந்தவருக்கு நஷ்டம் உண்டு. திட்டம் வகுத்தோர் இதை அறியாதவர்களல்லர். செலவுக் கணக்கைச் சோதிப்பதென்றால் ஒவ்வொரு மனுவுக்கும் நாட்கணக்கில் பிடிக்கும். வரவைச் சோதிப்பது எளிது. நியாயத்தில் சிறிது விட்டுக்கொடுத்து, காலத்தை வாங்கினார்கள்.

காரணத்தைப் பிரிப்பதும் எளிதன்று. மெய்ன் மாகாணத்தில் ஜே என்னும் ஊரிலிருந்த காகித ஆலையில் 2020-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 15-ந் தேதி கூழ் வேகவைக்கும் பெருங்கலம் வெடித்தது. உயிர்ச்சேதம் இல்லையென்றாலும் ஆலை கூழ்மரம் வாங்குவது வெகுவாய்க் குறைந்தது. அப்பிரதேசத்துக் காண்டிராக்டரின் நஷ்டத்தில் கொள்ளைநோயின் பங்கு எவ்வளவு, வெடிப்பின் பங்கு எவ்வளவு என்று எந்தக் கணக்கர் பிரிப்பார்?

கமிட்டியில் உட்கார்ந்தவர் யார்?

உள்ளூர்ப் பண்ணைச் சேவை ஆபீசுகளின் மேற்பார்வைக்குக் கவுண்டிக் கமிட்டிகள் உண்டு. 1930-க்குப் பிற்பட்ட விலைவீழ்ச்சிக் காலத்தில் தோன்றிய ஏற்பாடு இது. அங்கத்தினர் 3 முதல் 11 பேர் வரை. விவசாயிகளே மூன்று வருஷத்துக்கு ஒரு முறை வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊர் நிலவரம் அறிந்தவர் மனுக்களைப் பார்க்கவேண்டும் என்பது நோக்கம். சங்கத்தின் நிர்வாகக் கமிட்டியில் இருந்தவர்களுக்கு இதன் பலமும் தெரியும், பலவீனமும் தெரியும். அயலாருடைய நிலம் எத்தனை ஏக்கர், அதில் என்ன விளைந்தது என்பதை ஊரார் அறிவது போல் தூர தேசத்து அதிகாரி அறியமாட்டார். அதே ஊரார்தான் யாரை வாசலில் காத்திருக்க வைப்பது என்பதையும் அறிவார்கள்.

தென் மாகாணங்களில் இக்கமிட்டிகளில் நீண்ட காலம் வெள்ளை விவசாயிகளே அமர்ந்திருந்தனர். கறுப்பு விவசாயிகள் அரிதாகவே இடம் பெற்றனர். கறுப்பு விவசாயிகளின் மனுப் பாரம் மறுக்கப்படுவதும், கடன் விதைப்புக் காலம் கழிந்தபின் வருவதும், விபத்து உதவி கிட்டாமற் போவதும் வழக்கமாயின. 1997-ல் பிக்ஃபோர்டு என்னும் விவசாயியும் பிறரும் விவசாய இலாகாவின்மீது வழக்குத் தொடுத்தனர். 1981 முதல் 1996 வரை கடனிலும் விபத்து உதவியிலும் காட்டப்பட்ட பேதமே வழக்கின் பொருள். 1999-ம் வருஷம் ஏப்ரல் மாதம் ராஜியை நீதிபதி ஏற்றார். பெரும்பாலோர்க்கு வகுத்த எளிய வழியில், கோரிக்கை ஒப்புக்கொள்ளப்பட்டவருக்கு 50,000 டாலரும் கடன் நீக்கமும் கிடைத்தன.

ஆனால் அந்த எளிய வழியிலும் ஒரு முள் இருந்தது. தம்மையொத்த நிலையிலிருந்த வெள்ளை விவசாயி ஒருவருக்குத் தமக்கு மறுக்கப்பட்டது கொடுக்கப்பட்டதென்று கோரிக்கையாளர் குறிப்பிட்டுக் காட்டவேண்டும். அக்கணக்கெல்லாம் இருந்தது எதிர்வாதியான இலாகாவின் அலமாரியில். பாரமே கொடுக்காமல் திருப்பியனுப்பப்பட்டவரிடம் பாரத்தின் நகலை எதிர்பார்ப்பதும் அத்தகையதே. மேலும், குறித்த தேதிக்குள் செய்தி எட்டாமல் பிந்தி மனுச் செய்தவர் 60,000-க்கு மேற்பட்டனர். அவர்களுக்கு மறுபடி வாசல் திறக்க 2008-ம் வருஷத்துச் சட்டமும், 2010-ல் 125 கோடி டாலரில் செய்துகொண்ட இரண்டாம் ராஜியும் வேண்டியிருந்தன. இதற்கிடையில் முதியோர் பலர் காலஞ்சென்றனர். அவர்களுடைய வாரிசுகள் மனுச் செய்தார்கள்.

சங்கக் கூட்டத்துக்கு ஒரு கணக்கு

அங்கத்தினர் கூடும்போது பின்வரும் கணக்கைப் பலகையில் எழுதிப் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் 2019-ம் வருஷம் குறித்த காலத்தில் 1,50,000 டாலர் வரவு கண்டார். அதில் 70,000 மரம் வெட்டி ஏற்றியதில் வந்தது. 80,000 சரளைக்கல் ஏற்றியதில் வந்தது. மறு வருஷம் மர வரவு 30,000 ஆகவும் சரளை வரவு 85,000 ஆகவும் மாறின. மர வேலையில் அவர் இழந்தது 40,000 டாலர், அதாவது நூற்றுக்கு 57. மொத்த வரவில் குறைவு 35,000, நூற்றுக்கு 23. பத்து சதவிகித நிபந்தனையை அவர் எளிதில் தாண்டிவிட்டார். ஆயினும் 2019-ல் மர வரவு 1,50,000-ல் பாதியாகிய 75,000-க்கு 5,000 குறைந்தது. 2020-லும் பாதியை எட்டவில்லை. ஆகையால் உதவி இல்லை. இவருடைய மனு கமிட்டியின் முன் வந்தால் என்ன பதில் எழுதுவது, எழுதிய பதிலை அவரிடம் யார் போய்ச் சொல்வது என்பதை அங்கத்தினர் தமக்குள் விவாதிக்கலாம்.